பயிற்சியில் கற்றது ஷிஃப்ட்டில் ஏன் வருவதில்லை?

மணலியிலோ திருவொற்றியூரிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர், மூன்று ஷிஃப்ட். வேலை கைவந்த ஒரு ஃபிட்டரை சூப்பர்வைசராக உயர்த்துகிறார்கள், இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஆட்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்லாம் கற்றுக்கொண்டு திரும்புகிறார். கேட்டால் தடுமாறாமல் சொல்கிறார். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் பயிற்சி ஃபைல் மேஜை டிராயரில் கிடக்கிறது. அவர் லேத் பக்கத்தில் நின்று பழையபடி கத்திக்கொண்டிருக்கிறார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது வழக்கம். அந்தப் பழமொழி ஏட்டின் மேல் பழி போடுகிறது. நிர்வாகம் அந்த மனிதரின் மேல் போடுகிறது: "அவருக்கு அக்கறை போதாது." பெரும்பாலான இடங்களில் இரண்டுமே சரியில்லை. ஃபைலில் இருப்பது நல்ல விஷயம்தான், அவருக்கு அக்கறையும் இருக்கிறது. நடுவில் ஒரு வேலை செய்யப்படாமல் நிற்கிறது. ஒரு முழு ஷீட்டை வாங்கி வந்து இறக்கினால் அது டேங்க் ஆகிவிடாது. அளவு எடுத்து, மார்க்கிங் போட்டு, வெட்டினால்தான் வெல்டரிடம் கொடுக்க முடியும். "ஆட்களைக் கேளுங்கள்" என்பது முழு ஷீட். எத்தனை மணிக்கு, எந்த மெஷின் பக்கத்தில், யாரிடம், முதல் வார்த்தை என்ன என்பதுதான் மார்க்கிங். பயிற்சி கொடுப்பவர் அதைப் போடுவதில்லை, ஏனென்றால் அவருக்கு அந்த ஷாப் தெரியாது. சூப்பர்வைசரும் போடுவதில்லை, ஏனென்றால் அது தன் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தெரிந்ததற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் படிப்பு குறைந்தவர்களின் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஆபரேஷன் தியேட்டரைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்காக 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கி, டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தது. 2009 ஜனவரியில் முடிவு வெளியானது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்திருந்தன. பட்டியலில் எந்த மருத்துவருக்கும் தெரியாத விஷயம் ஒன்றுகூட இல்லை. நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம், ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போட்டாகிவிட்டதா, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொன்னார்களா. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளியை வெளியே கொண்டுபோவதற்கு முன் என மூன்று முறை எல்லாரும் நிற்க வேண்டும். தெரிந்த விஷயத்துக்கு ஒரு நேரமும் ஒரு வாயும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கதை அதோடு முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதே மாதிரிப் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் முன்-பின் கணக்கு 2014-ல் வெளிவந்தது. மரணத்திலும் சிக்கலிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதற்கு என்ன காரணம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஷாப் ஃப்ளோரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு காரணம் உடனே தோன்றும்: காகிதம் வந்தது, நின்று பேசுவது வரவில்லை. டிக் அடிக்க ஒரு ஆள் போதும். பேசுவதற்கு எல்லாரும் கையை நிறுத்த வேண்டும், பெரியவர் முதலில் நிறுத்த வேண்டும். "செக்லிஸ்ட் போட்டாச்சு சார்" என்று சொல்லும் எந்தக் கம்பெனியும் இந்த இரண்டாவது கணக்கையும் படிக்க வேண்டும்.

இனி ஷிஃப்ட்டுக்கு வருவோம்.

காலை 6, மதியம் 2, இரவு 10. ஒரு ஷிஃப்ட் போய் இன்னொன்று வரும் அந்தப் பத்து நிமிடம்தான் ஒரு சூப்பர்வைசரின் தலைமை உண்மையில் நடக்கிற இடம். பெரும்பாலான இடங்களில் அது இப்படிப் போகிறது. கம்பெனி பஸ் 6:05-க்குக் கிளம்பிவிடும் என்பதால் இரவு ஷிஃப்ட் ஆட்கள் 5:50-க்கே கை கழுவப் போய்விடுகிறார்கள். வருகிறவர்கள் கேட்டில் பஞ்ச் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் நடுவில் நின்று, "எல்லாம் ஓகேவா?" என்கிறார். "ஓகே சார்." நாலாம் நம்பர் லேத்தில் இரவு முழுக்க கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகியது, யாரோ கீழே துணியைப் போட்டு சமாளித்தார்கள். அந்தச் செய்தி பஸ் ஏறிப் போய்விட்டது. எட்டரை மணிக்கு மெஷின் நின்றதும் கத்தல் தொடங்குகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. "ஓகேவா" என்று கேட்டால் "ஓகே" என்பதுதான் மரியாதையான பதில்.

கேள்வியை மாற்ற வேண்டும். "ராத்திரி எந்த மெஷின் மக்கர் பண்ணுச்சு?" என்று கேட்டால், ஏதோ ஒன்று மக்கர் பண்ணியிருக்கும் என்று நாம் எடுத்துக்கொண்டதாக ஆகிறது. சொல்வதற்கு வழி திறக்கிறது. ஆபீஸ் ரூமில் கேட்கக் கூடாது, மெஷின் பக்கத்தில் நின்றபடி கேட்க வேண்டும். ஒழுகலைக் கையால் காட்ட முடிகிற தூரத்தில். போகிற ஷிஃப்ட்டின் மூத்த ஆளும் வருகிற ஷிஃப்ட்டின் மூத்த ஆளும் இருந்தால் போதும், நாற்பது பேரும் தேவையில்லை. அந்த மூத்த ஆள் தங்குகிற பத்து நிமிடத்துக்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் இதை நடத்தப் பார்ப்பவர்கள் ஒரு வாரத்தில் தோற்பார்கள், தோற்கவும் வேண்டும். பத்து நிமிடத்தை இலவசமாகக் கேட்டுக்கொண்டு "உங்கள் கருத்துக்கு மதிப்பு கொடுக்கிறோம்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மூன்று நெடுவரிசை: என்ன, யார், எப்போதைக்குள். ஐந்து வரிக்கு மேல் எழுத இடம் விடாதீர்கள். பலகை பெரிதாக இருந்தால் பழைய புகார்கள் தங்கி, இரண்டு மாதத்தில் அது சுவர் அலங்காரமாகிவிடும். ஐந்து வரி நிரம்பினால் ஒன்றை முடித்துத்தான் அடுத்ததை எழுத முடியும். முடிக்க முடியாததை, "இந்த ஸ்பேர் அடுத்த மாதம்தான் வரும், இவ்வளவுதான் காரணம்" என்று வாயால் சொல்லி அழிக்க வேண்டும். சொல்லாமல் அழிக்கப்பட்ட ஒரு வரி, எழுதாமல் விட்ட பத்து வரியைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

இது எங்கே கெடும் என்றால், பெரும்பாலும் முதல் வாரத்தின் மூன்றாவது நாள். ஒரு பையன் துணிந்து வாயைத் திறக்கிறான்: "நான்தான் சார், ஃபீட் ஜாஸ்தி குடுத்துட்டேன். டூல் உடைஞ்சுபோச்சு." அந்த நொடியில் எல்லாக் கண்ணும் சூப்பர்வைசரின் முகத்தில் இருக்கும். "உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?" என்று வந்துவிட்டால் போயிற்று. அவன் மட்டுமில்லை, பக்கத்தில் நின்ற ஏழு பேரும் இனி "ஓகே சார்"தான். அந்த இடத்தில் சொல்லவேண்டிய வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கோபம் யோசனையைவிட வேகமாக வரும். "சொன்னது நல்லதாப் போச்சுப்பா. ஜாப் எத்தனை வீணாச்சு?" முதல் பாதி அவனுக்கு, இரண்டாம் பாதி வேலைக்கு. ஃபீட், அதாவது டூலை நகர்த்தும் வேகம், பற்றிய பேச்சு மெஷினில், தனியாக, பத்து நிமிடம் கழித்து. "தவறைத் தனியாகச் சொல்" என்று பயிற்சியில் படித்தது இந்த ஒரு வாக்கியத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

பெரிய சொல்லை நிமிடக் கணக்குக்கு இறக்குவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, மதிய இடைவேளை அரை மணி நேரம்தான், அதற்குள் சாப்பிட்டு மீள முடியவில்லை என்பது தொழிலாளர்கள் வைத்த முதல் குறைகளில் ஒன்று. உரிமை, நீதி என்ற பெரிய சொற்களெல்லாம் வாடியாவுக்குத் தெரியும். குறை வந்து சேர்ந்தது நிமிடக் கணக்கில். அதை நிமிடக் கணக்கிலேயே எடுத்துப் பேசியதால்தான் ஆட்கள் கூடினார்கள் என்பது எங்கள் கணிப்பு.

புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது

கத்தலில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது. "சொல்லிக் கொடுத்தேன், அவனுக்கு ஏறவில்லை." இன்று மணலி, மாதவரம் பக்கம் பல ஷாப்புகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அதிகம். மொழி ஒரு சுவர்தான், ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே நிலைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமே இல்லாத ஆட்களைப் பழக்க ஒரு முறை உருவானது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. நான்கு படி: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, பின்தொடர். கேட்க எளிது. ஒரு வேலையில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு நுட்பம் என்று தெரியும். பெஞ்ச் கிரைண்டரில், அதாவது மேஜையில் பொருத்திய சாணை மெஷினில், வீல் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம்.

முதலில், கற்றுக்கொடுப்பவர் உட்கார்ந்து வேலையை மூன்று நெடுவரிசையாக எழுத வேண்டும்: படி, அதில் கவனிக்க வேண்டியது, ஏன். பவர் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கு. ஏனென்றால் சுவிட்சை வேறொருவர் போடலாம். வீலைத் தட்டிப் பார்: ஓட்டைக்குள் விரலோ கம்பியோ விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஓரத்திலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே லேசாகத் தட்டு, திருப்பி இன்னொரு முறை தட்டு. மணி மாதிரிக் கணீரென்றால் நல்லது, 'டொக்' என்றால் உள்ளே விரிசல். வீல் காய்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், ஈரமிருந்தால் சத்தம் ஏமாற்றும். வீலில் எழுதியிருக்கும் வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ (போல்) மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். இரண்டு பக்கமும் காகித வாஷர், அதன் மேல் ஃபிளாஞ்ச். காகிதம் இல்லாவிட்டால் இறுக்கம் ஒரே புள்ளியில் விழுந்து வீல் பிளக்கும். இடது பக்க நட்டுக்கு எதிர்த் திசை மரை. இதைச் சொல்லாமல் விட்டால் புது ஆள் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்குவான். ஜாபை, அதாவது தீட்டும் பொருளை, வைத்துப் பிடிக்கும் வேலைத் தாங்கிக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள், இல்லையென்றால் ஜாப் உள்ளே இழுக்கப்படும், விரலும் சேர்ந்து போகும். வீலை மூடும் பாதுகாப்புக் கவசத்தை மாட்டி, பக்கவாட்டில் விலகி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓட விடு. உடைகிற வீல் அந்த முதல் நிமிடத்தில் உடைய வாய்ப்பு அதிகம்.

இருபது வருட அனுபவம் உள்ளவர் இதை எழுத உட்கார்ந்தால் முதல் தடவை பாதிதான் வரும். மீதி கையில் இருக்கிறது, வாயில் இல்லை. அவரையே ஒரு முறை மாற்றச் சொல்லி, இன்னொருவர் பார்த்து எழுதுவது நல்லது. "தட்டிப் பார்க்கறது எல்லாருக்கும் தெரியும் சார், அதை எதுக்கு எழுதறது?" என்பார். அதைத்தான் எழுத வேண்டும்.

பிறகு ஆள். எதிரில் நிறுத்தாதீர்கள், இடது வலது மாறித் தெரியும், பக்கத்தில் நிறுத்துங்கள். இதற்கு முன் எங்கே வேலை செய்தான், கிரைண்டர் தொட்டிருக்கிறானா என்று கேளுங்கள். ஒரு முறை செய்து காட்டிப் படிகளை மட்டும் சொல்லுங்கள், இரண்டாம் முறை கவனிக்க வேண்டியதைச் சேருங்கள், மூன்றாம் முறை காரணத்தையும். அடுத்து அவன் செய்ய வேண்டும், வாயால் சொல்லிக்கொண்டே. "புரிஞ்சுதா?" என்ற கேள்வி இந்த இடத்தில் உதவாது, அதற்கும் "ஓகே சார்"தான் வரும். "ஏன் விலகி நிக்கற?" என்று கேளுங்கள். ஹிந்தியில் சொன்னாலும் கையால் காட்டினாலும் சரி, காரணம் வர வேண்டும். கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு ஆளைக் கை காட்டுவது, அன்றே இரண்டு முறை, மறுநாள் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை என்று குறைத்துக்கொண்டே போய்ப் பார்ப்பது.

முன்பே எடுத்த முடிவு

சில இடங்களில் தெரிந்தும் செய்யாததற்கு விலை உயிர். ரசாயனத் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மேன்ஹோல். உள்ளே விஷ வாயு இருக்கும் என்று தெரியாத சூப்பர்வைசர் வடசென்னையில் இல்லை. ஆளை இறக்குவதற்கு முன் வெளியிலிருந்து வாயு அளக்கும் மீட்டரை இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழேயோ 23.5-க்கு மேலேயோ இருக்கக் கூடாது. தீப்பற்றும் வாயு, அது தீப்பிடிக்கத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குக்குள். அழுகிய முட்டை நாற்றத்தை நம்பக் கூடாது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று தோன்றும். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இவ்வளவும் தெரிந்தவர் ஏன் இறக்குகிறார்? மாலை ஐந்தரை. மீட்டர் சார்ஜ் இல்லை, அல்லது வேறு சைட்டில் இருக்கிறது. டேங்கர் கேட்டில் நிற்கிறது, மேலிருந்து போன். "ஒரு நிமிஷ வேலைதான் அண்ணே, நானே இறங்கறேன்" என்று ஒரு நல்ல பையன் சொல்கிறான். அந்த நிலையில் யோசித்து முடிவெடுக்கச் சொல்வது அநியாயம். முடிவு காலையிலேயே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்: "கவனமாக இருப்பேன்" என்று தீர்மானித்தவர்களைவிட, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று குறித்து வைத்தவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம். "மீட்டர் கையில் இல்லையென்றால் மூடியைத் திறக்க மாட்டோம். உள்ளே ஒருவன் விழுந்தால் யாரும் குதிக்க மாட்டோம். காற்று ஊதும் புளோவரை முடுக்கி, டிரைபாடில் மாட்டிய கயிற்றால் இழுப்போம்." காப்பாற்றக் குதித்தவர் அடுத்தடுத்து இறப்பது இந்த விபத்துகளின் கொடுமையான வழக்கம். அதனால் இரண்டாவது வாக்கியத்தை வேலை தொடங்கும் முன் எல்லாரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். கயிறும் டிரைபாடும் இல்லாமல் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமில்லை என்பதால், அவை இல்லையென்றாலும் மூடி திறக்கக் கூடாது.

மேலே இருப்பவருக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. மேனேஜர் தினமும் போனில் கேட்கும் முதல் கேள்வி எதுவோ, அதுதான் சூப்பர்வைசரின் உண்மையான பயிற்சி. "எத்தனை பீஸ்?" மட்டுமே கேட்டால் பீஸ் மட்டுமே நடக்கும். வாரம் இரண்டு நாள் "பலகையில் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால் போதும். வேலையை நிறுத்திய சூப்பர்வைசரை அன்றே கூப்பிட்டு "சரியாகச் செய்தீர்கள்" என்று சொல்லாத மேனேஜர், அடுத்த முறை நிறுத்தாதே என்று சொன்னதற்குச் சமம்.

எத்தனை நாளில் பழகும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு சின்னத் தினசரிப் பழக்கம் தானாக வரத் தொடங்க நடுமட்டமாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை நீளும். தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரியான தனி மனிதப் பழக்கங்கள் அவை. நாற்பது பேர் சேர்ந்த பழக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது, மழையில் ரோடு முழுகி பாதி ஆட்கள் வராத நாளில் இதை நினைத்துக்கொள்ளலாம். அதனால் ஒரே நேரத்தில் ஒன்றுதான். பத்து வாரம் ஷிஃப்ட் மாற்றம் மட்டும், பிறகு கற்றுக்கொடுக்கும் முறை. மூடி திறக்கும் விதிக்கு மட்டும் வரிசை கிடையாது, அது முதல் நாளே. தொடங்க மாதக் கடைசி வேண்டாம். டிஸ்பாட்ச் நெருக்கடியில் பலகையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்துச் சுத்தம் செய்யும்போது எங்கே ஒழுகுகிறது, எங்கே ஆடுகிறது என்று எல்லார் கண்ணிலும் படும். அதற்கு அடுத்த வேலை நாள் நல்ல நாள்.

ஆறாவது வாரத்திலிருந்து அந்தப் பத்து நிமிடத்தை மூத்த ஆளிடம் ஒப்படைக்கத் தொடங்க வேண்டும். முதலில் அவர் கேட்கட்டும், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கட்டும். பிறகு சூப்பர்வைசர் வேண்டுமென்றே ஒரு நாள் லீவ் போட வேண்டும். மறுநாள் காலை வந்ததும் யாரையும் கேட்காமல் நேராகப் பலகைக்குப் போய், நேற்றைய தேதியில், தன் கையெழுத்து இல்லாத ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.